அர்த்தம் கிடைத்தது, சிரிப்பு கிடைக்கவில்லை: ஒரு லத்தீன் கையகராதியோடு எட்டு மாதம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டரை. பொறுமை இல்லாதவர்கள் இதோடு போகலாம். ஆனால் நீங்கள் ஆங்கில நாவலோ பழைய நாடகமோ படிக்கிற ஆளாக இருந்து, நடுவில் திடீரென்று சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் வரி வந்து நிற்கும்போது அதைத் தாண்டிக் குதித்துப் போகிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால் (எனக்கு இருபது வருடம் இருந்தது) கொஞ்சம் இருங்கள்.

நான் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் லத்தீன் தினசரிப் புழக்கம். அஃபிடவிட் என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோமே, அது லத்தீன்தான், ‘சத்தியம் செய்து சொல்லியிருக்கிறார்’ என்று ஒரு முழு வாக்கியம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. வாய்தாவுக்கு வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிடும் என்று கட்சிக்காரரைப் பயமுறுத்துகிறோம், அதுவும் லத்தீன். ஹேபியஸ் கார்பஸுக்கு மட்டும் ஆட்கொணர்வு மனு என்று நல்ல தமிழ் நிலைத்துவிட்டது. இந்தத் தொல்லைக்காகத்தான் அந்த அகராதியை வாங்கினேன். 399 ரூபாய், சட்டைப் பையில் கொள்ளாது, கைப்பையில் கொள்ளும், ஆயிரத்துக்கும் மேல் லத்தீன் தொடர்கள் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி அகராதியை நாலைந்து பேர் போடுகிறார்கள், கடையில் நின்று புரட்டிப் பார்த்தவரை எல்லாவற்றுக்கும் ஒரே வியாதிதான்.

ஆபீஸ் வேலைக்கு நன்றாகவே உழைத்தது. சீனியர் டிக்டேட் செய்யும்போது ‘மூட்டாட்டிஸ் மூட்டாண்டிஸ்’ என்று ஒன்றை வீசுவார். ‘மாற்ற வேண்டியதை மாற்றிக்கொண்டு’ என்று புத்தகம் ஒரே வரியில் சொல்லிவிடும். ‘லோகஸ் ஸ்டாண்டை’ என்றால் நிற்க இடம், அதாவது வழக்குப் போட உரிமை. கோர்ட்டில் லத்தீன் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, யார் குத்தினாலும் ஒரே அச்சுதான் விழும். யார் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், கேட்டவர் முகம் எப்படி மாறியது என்பதெல்லாம் அங்கே கேள்வியே கிடையாது. வில்லங்கம் ஆரம்பித்தது, நான் அந்த அகராதியை பஸ்ஸுக்கு எடுத்துப் போக ஆரம்பித்த பிறகுதான்.

போக வர இரண்டு மணி நேரம் பஸ். அப்போது சாசரின் கேன்டர்பரி கதைகளை ஒரு மலிவுப் பதிப்பில் படித்துக்கொண்டிருந்தேன், 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியின் ஆங்கிலம், தட்டுத் தடுமாறித்தான் போகும். அதில் ஒரு சேவல் கதை. சேவலின் பெயர் சாண்டிக்ளியர், அதற்கு ஏழு பெட்டைகள், ஏழில் செல்லம் பெர்ட்டெலோட். விடிகிற நேரத்தில் சேவல் கெட்ட கனவு கண்டு முனகுகிறது, நாய் மாதிரி ஏதோ ஒரு மிருகம் தன்னைப் பிடிக்க வந்ததாம். கனவுக்குப் பயப்படுகிறவன் எல்லாம் ஒரு ஆண்பிள்ளையா, உடம்பில் பித்தம் ஏறிவிட்டது, பேதிக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறது பெட்டை. சேவல் விடுமா? கனவு பலித்த கதைகளைப் பக்கம் பக்கமாக அவிழ்த்துவிட்டு, கடைசியில் கோபம் தணிந்து, மனைவியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சுகிற சமயத்தில் ஒரு லத்தீன் வரியை எடுத்துவிடுகிறது: ‘முலியர் எஸ்ட் ஹோமினிஸ் கன்ஃபூசியோ.’

அகராதியில் தேடினேன். இல்லை. ‘முலியர்’ என்று தொடங்குகிற எதுவுமே இல்லை. மொபைலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து மேய்ந்ததில், முலியர் என்றால் பெண், ஹோமினிஸ் என்றால் ஆணின், கன்ஃபூசியோ என்றால் குழப்பம், நாசம். ஆக, பெண்தான் ஆணுக்கு நாசம். சரி, அந்தக் காலத்துச் சாமியார்கள் எழுதி வைத்த வழக்கமான பெண் வசவு என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அடுத்த வரியில் சேவல் தானே ஆங்கிலத்தில் பொருள் சொல்கிறது. அம்மணி, இந்த லத்தீனுக்கு என்ன அர்த்தம் தெரியுமா, பெண்தான் ஆணின் மகிழ்ச்சி, அவனுடைய முழு ஆனந்தம்! பெட்டைக்கு லத்தீன் தெரியாது. முகத்துக்கு நேராக வைதுவிட்டு அதையே கொஞ்சலாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறது அந்தப் படவா சேவல். நான் பஸ்ஸில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டு அம்மா பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. சேவலுக்கே லத்தீன் தெரியுமா, இல்லை எங்கோ கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொண்டு உண்மையிலேயே கொஞ்சுகிறதா என்று சாசர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். கொஞ்ச நேரத்திலேயே நரி வருகிறது, உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு என்னமாய்ப் பாடுவார் என்று இரண்டு வார்த்தை புகழ்கிறது, சேவல் கண்ணை மூடுகிறது, கழுத்து நரியின் வாயில். இப்போது அந்த லத்தீனைத் திரும்பிப் பாருங்கள். தனக்கு எல்லாம் தெரியும் என்கிற சேவலுக்கு நாசம் வந்தது மனைவியாலா, வாய்க்கொழுப்பாலா?

நான் அகராதிமேல் வைக்கிற குறை இதுதான். இந்த ஒரு வரி அதில் இல்லை என்பதை மன்னித்துவிடலாம், இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை, ‘பெண் ஆணின் நாசம்’ என்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கும். ஆங்கில இலக்கியத்தில் ஒருவர் லத்தீன் பேசினால் அங்கே பார்க்க வேண்டியது, அந்த அறையில் யாருக்கு அது புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்பதைத்தான். பாதி ஜோக்குகளும் பாதிக் கொடுமைகளும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. அதை அகர வரிசையில் அடுக்கி வைக்க முடியாது.

சாசரிலேயே இன்னொரு ஆள் எனக்கு ரொம்ப நெருக்கம், தொழில் பாசம். சம்மனர் என்று ஒருவன் வருகிறான், சர்ச் கோர்ட்டின் அமீனா என்று வைத்துக்கொள்ளுங்கள், சம்மன் கொடுக்கிறேன் என்று ஊரை மிரட்டி வசூல் பண்ணுகிற ஆள். குடித்துவிட்டால் லத்தீன் தவிர வேறு பேசமாட்டான். மொத்தம் தெரிந்ததே இரண்டு மூன்று தொடர், நாள் முழுக்கக் கோர்ட்டில் காதில் விழுந்தது. யாராவது மேலே ஏதாவது கேட்டால் சரக்கு தீர்ந்துவிடும், உடனே ‘க்வெஸ்டியோ க்விட் யூரிஸ்’ என்று கத்துவான், சட்டத்தில் இதற்கு என்ன என்பதே கேள்வி என்று அர்த்தம். பேசப் பழக்கிய பறவை பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் போல என்று சாசர் ஒரு குத்து வைக்கிறார். எங்கள் கோர்ட் வளாக டீக்கடையில் இந்த ஆளை நான் வாரத்துக்கு மூன்று தடவை பார்க்கிறேன். நானே சில நாள் அந்த ஆள்.

அப்புறம் ஷேக்ஸ்பியர். இவரைப் பற்றி பென் ஜான்சன் 1623-இல் வந்த முழுத் தொகுப்பின் முன்பாடலில், லத்தீன் கொஞ்சம், கிரேக்கம் அதைவிடக் கொஞ்சம் என்று எழுதியது பிரசித்தம். ஜான்சனின் அளவுகோலுக்குக் கொஞ்சம் என்பது இன்றைக்கு நமக்கு மலை. அந்தக் காலப் பள்ளிக்கூடம் என்றாலே லத்தீன் பள்ளிக்கூடம்தான், இங்கிலாந்து முழுக்கப் பையன்கள் வில்லியம் லில்லியின் பெயரில் வந்த ஒரே இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்து அடி வாங்கி வளர்ந்தவர்கள். அந்த அனுபவத்தை ஷேக்ஸ்பியர் ஒரு காட்சியாகவே போட்டிருக்கிறார், வின்ட்ஸர் நகரத்து மனைவிகள் வரும் நாடகத்தில், நாலாம் அங்கம் முதல் காட்சி. வேல்ஸ்காரப் பாதிரியார் ஒருவர் வில்லியம் என்ற சின்னப் பையனை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார். லாபிஸ் என்றால் என்ன? கல். கல் என்றால் என்ன? பையன் யோசித்து, கூழாங்கல் என்கிறான். இல்லையடா, லாபிஸ் என்று சொல்ல வேண்டும்! பக்கத்தில் மிஸ்ட்ரெஸ் குவிக்லி என்ற பெண்மணி நிற்கிறார், லத்தீனில் ஒரு எழுத்து தெரியாது. பாதிரியார் வேல்ஸ் உச்சரிப்பில் ‘ஹங், ஹேங், ஹாக்’ என்று இரண்டாம் வேற்றுமையை ஒப்பிக்க, தொங்குகிற பன்றிக்கு லத்தீனில் பன்றி இறைச்சி என்று பொருள் போலிருக்கிறது என்று முடிவு கட்டுகிறார் அம்மணி. ‘ஹோரும்’ வரும்போது அவருக்கு விபசாரி என்கிற ஆங்கிலச் சொல் காதில் விழுகிறது, சின்னப் பிள்ளைக்கு இதையா சொல்லிக் கொடுப்பது என்று சண்டைக்கு வந்துவிடுகிறார். இதில் ஒரு லத்தீன் சொல்லுக்கும் அர்த்தம் தேட வேண்டியதே இல்லை. சத்தத்தில்தான் மொத்த விளையாட்டும்.

ஹாம்லெட்டில் எதிர்த் திசை. ஆவி வருகிறது, காவல்காரர்கள் நடுங்குகிறார்கள், ‘ஹொரேஷியோ, நீ படித்தவன், நீ பேசு’ என்கிறார்கள். படித்தவனுக்கும் பேய்க்கும் என்ன சம்பந்தம்? படித்தவன் என்றால் லத்தீன் தெரிந்தவன், பேயை விரட்டுகிற மந்திரம் லத்தீனில்தான் இருக்கும். இதை நான் ஆர்டன் பதிப்பின் அடிக்குறிப்பில் படித்த அன்று, அட, லத்தீனே இல்லாத வரியிலும் லத்தீன் இருக்கிறதே என்று தோன்றியது. மேடைக்குக் கீழேயிருந்து ஆவியின் குரல் இடம் மாறி மாறிக் கேட்கும்போது ஹாம்லெட் ‘ஹிக் எட் உபிக்வே’ என்பான், இங்கேயும் எங்கேயுமா என்று. அகராதியில் இந்தத் தொடர் இருந்தது, ‘இங்கும் எங்கும்’ என்று பொருளும் இருந்தது. பேய் அதில் இல்லை.

இந்த இடத்தில் இ-ரீடரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சொல்லை அழுத்திப் பிடித்தால் அர்த்தம் வந்துவிடுமே, அகராதி எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் வைத்திருக்கிற கருவியில் (கம்பெனி பெயர் வேண்டாம்) ஷேக்ஸ்பியர் காலத்து மார்லோவின் ஃபாஸ்டஸ் நாடகத்தின் கடைசிக் காட்சியில் ‘நாக்டிஸ்’ என்ற சொல்லை அழுத்தினேன். சொல் கிடைக்கவில்லை என்றது. காரணம் எளிது. தமிழ் அகராதியில் ‘மரத்தை’ என்று தேடினால் வருமா? ‘மரம்’ என்றுதான் தேட வேண்டும். லத்தீனும் நம்மைப் போல விகுதியும் உருபும் ஒட்டுகிற மொழி, ‘நாக்டிஸ்’ என்பது ‘இரவின்’, அகராதியில் இருப்பது ‘நாக்ஸ்’, இரவு. ஒட்டை உரித்து உள்ளே இருக்கும் சொல்லை எடுக்கத் தெரியாத கருவி லத்தீனுக்கு உதவாது.

ஆனால் அந்த வரியை உரித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு சின்னப் பரிசு கிடைத்தது. ‘லென்ட்டே, லென்ட்டே குர்ரிட்டே நாக்டிஸ் எக்வி.’ மெதுவாக, மெதுவாக ஓடுங்கள், இரவின் குதிரைகளே. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது பாருங்கள், ஆங்கிலத்தில் இதற்கே இரண்டு மூன்று சில்லறைச் சொற்களை நடுவில் செருக வேண்டியிருக்கும். ‘ஓடுங்கள்’ என்பதில் யார் ஓட வேண்டும் என்பது சொல்லின் வாலிலேயே இருக்கிறது, லத்தீனிலும் அப்படித்தான். நாடகப் புத்தகங்களில் ‘எக்ஸிட்’, ‘எக்ஸியன்ட்’ என்று பார்த்திருப்பீர்கள், முதலாவது ஒருவர் போகிறார், இரண்டாவது பலர் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், நமக்கு வேற்றுமையும் விகுதியும் பள்ளிக்கூடத்திலேயே தலையில் ஏற்றிவிட்டார்கள்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். இருபத்து நாலு வருஷத்துக்காக ஆத்மாவைப் பிசாசுக்கு எழுதிக் கொடுத்தவன் ஃபாஸ்டஸ். கெடு முடிகிறது, கடைசி ஒரு மணி நேரம், நள்ளிரவு மணி அடித்தால் நரகம். அப்போதுதான் இரவின் குதிரைகளை மெதுவாக ஓடச் சொல்லிக் கதறுகிறான். அகராதியில் இந்தத் தொடர் இருக்கிறது, பக்கத்தில் ‘ஓவிட்’ என்று ஒரு சொல். அவ்வளவே. ஓவிட் ரோமக் கவிஞர், அவர் கவிதை எதைப் பற்றியது? ராத்திரி முழுக்கக் காதலியோடு இருந்தவன் விடியலைத் திட்டுகிற கவிதை அது. உன் கிழட்டுப் புருஷனை விட்டுவிட்டு உனக்குப் பிடித்தவன் உன் கையணைப்பில் இருந்திருந்தால் நீயும் இப்படித்தான் கத்தியிருப்பாய், ‘மெதுவாக ஓடுங்கள் இரவின் குதிரைகளே’ என்று, என விடியல் தேவதையையே கிண்டல் செய்கிறான். படுக்கையில் சிரித்துக்கொண்டு சொன்ன வரியை, மார்லோ நரகத்தின் வாசலில் நிற்பவன் வாயில் வைக்கிறார். ஓவிடின் அந்தக் காதல் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரே மார்லோதான், அதனால் தெரியாமல் செய்தது என்று சொல்ல வழியில்லை. வாழ்நாள் எல்லாம் சுகத்தைத் தேடி ஓடியவனுக்குச் சாகிற நேரத்தில் ஞாபகம் வருவதும் அந்தச் சுகத்தின் பாட்டுதான். ‘ஓவிட்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு இதை எப்படிக் கடந்து போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அதே நாடகத்தில், தொழில் ரீதியாக என்னைக் கலங்கடித்த காட்சி ஒன்று. ஃபாஸ்டஸ் எழுதிக் கொடுப்பது ஒரு பத்திரம், உடலையும் ஆத்மாவையும் தானமாகக் கொடுக்கிற பத்திரம் என்று அவனே சொல்கிறான், நம் ஊர் கணக்கில் தான செட்டில்மென்ட். சொந்த ரத்தத்தில் எழுதுகிறான். எழுதி முடித்ததும் ‘கான்சுமாட்டும் எஸ்ட்’ என்கிறான், முடிந்தது. அகராதி ‘முடிந்தது, நிறைவேறியது’ என்று சரியாகவே சொல்கிறது. அது லத்தீன் பைபிளில், யோவான் சுவிசேஷத்தில், சிலுவையில் இயேசு சொன்ன கடைசி வார்த்தை. உலகத்தை மீட்கச் சொன்ன சொல்லை ஒருவன் தன்னை விற்ற பத்திரத்தின் அடியில் கையெழுத்துப் போல வைக்கிறான். அன்றைய பார்வையாளர்களில் எத்தனை பேர் பதறியிருப்பார்கள்! உடனே அவன் கையில் எழுத்து தோன்றுகிறது, ‘ஹோமோ, ஃபூகே’, மனிதா, ஓடு. எங்கே ஓடுவேன் என்கிறான். எத்தனையோ பத்திரம் டைப் அடித்திருக்கிறேன், அன்று மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தகவல் பிழைகளையும் சொல்ல வேண்டும், விலை கொடுத்து வாங்கிய பொருள் அல்லவா. ‘எட் டூ, ப்ரூட்டே’ (நீயுமா, ப்ரூட்டஸ்) என்பதற்கு ‘ஜூலியஸ் சீசரின் கடைசி வார்த்தைகள்’ என்று போட்டிருக்கிறார்கள். கிடையாது. சீசர் ஒன்றும் பேசாமல் செத்தார் என்றுதான் ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார், சிலர் சொல்வதாக அவர் சேர்க்கிற வாக்கியமும் கிரேக்கத்தில், ‘நீயுமா, பிள்ளாய்’ என்று. லத்தீன் வடிவம் ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் மேடைச் சரக்கு, அவருடைய சீசர் நாடகத்துக்கு முன்னாலேயே, 1595-இல் அச்சான வேறொரு நாடகத்தில் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் சீசர் நாடகத்தில் எல்லா ரோமர்களும் ஆங்கிலம் பேசிக்கொண்டிருக்க, குத்துப்பட்ட கணத்தில் மட்டும் சீசர் தன் சொந்த மொழிக்குப் போவது எவ்வளவு பெரிய விஷயம்! வலிக்கும்போது தாய்மொழி வருவது நமக்குத் தெரியாததா?

இன்னொன்று ‘பெக்காவி’. பாவம் செய்தேன் என்று பொருள். 1843-இல் சிந்துவைப் பிடித்த ஜெனரல் நேப்பியர் இந்த ஒற்றைச் சொல்லைத்தான் மேலிடத்துக்கு அனுப்பினார், ‘சிந்து என் வசம்’ என்பதும் ‘பாவம் செய்தேன்’ என்பதும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று அகராதி கதை சொல்கிறது. நல்ல கதை, பொய்க் கதை. கேத்தரின் வின்க்வொர்த் என்கிற பதின்வயதுப் பெண் அடித்த ஜோக் அது, 1844-இல் பஞ்ச் என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் வந்தது, பிறகு ஜெனரலின் கணக்கில் ஏறிவிட்டது. பெண் அடித்த சிலேடை ஜெனரல் பெயரில் பட்டா மாறிய விவகாரம்.

உச்சரிப்புக்கு மதிப்பெண் பூஜ்யம். பழைய ஆங்கில முறையா, சர்ச் முறையா, ரோமர்கள் பேசியதாக ஆராய்ச்சியாளர்கள் கட்டிய முறையா என்று எங்கேயும் சொல்லாமல் கலந்து கட்டி அடித்திருக்கிறார்கள். இது வெறும் பண்டிதச் சண்டை என்று நினைக்காதீர்கள். ஜேம்ஸ் ஹில்டன் 1934-இல் எழுதிய குறுநாவலில் சிப்ஸ் என்ற கிழ வாத்தியார், ரோமப் பேச்சாளர் பெயரை வாழ்நாள் முழுக்க சிசரோ என்று சொல்லப் போகிற பையன்களுக்கு நான் எதற்குக் கிக்கெரோ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டரோடு மல்லுக்கு நிற்பார். படிக்கும்போது சிரித்தேன். வில்ஃப்ரட் ஓவனுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

ஓவனின் கவிதையைப் பலர் படித்திருப்பீர்கள். முதல் உலகப் போர், விஷவாயு, முகமூடி மாட்டத் தவறிய ஒரு சிப்பாய் கண்ணெதிரே சாகிறான். ‘டுல்கே எட் டெகோரும் எஸ்ட் ப்ரோ பாட்ரியா மோரி.’ நாட்டுக்காகச் சாவது இனியது, தகுதியானது. ரோமக் கவிஞர் ஹொரேஸ் எழுதியது, ஓட் மூன்றாம் புத்தகம், இரண்டாம் கவிதை. இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பாடம், 1913-இல் ஸாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியின் தேவாலயச் சுவரில் பொறித்தே வைத்தார்கள். ஓவன் 1917-இல் தன் கவிதையை எழுதத் தொடங்கினார். கடைசி நாலு வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் புகழுக்கான சொல் ‘குளோரி’, அதற்கு எதுகையாக வந்து விழுவது ‘மோரி’, சாவது. பழைய ஆங்கில முறையில் படித்தால் ‘மோரை’ ஆகி ஒட்டாது, மற்ற இரண்டு முறையிலும் கச்சிதமாக ஒட்டுகின்றன. புகழ் என்று ஆசை காட்டிய வாய் அடுத்த மூச்சில் சாவு என்று முடிகிறது. நடுவில் அவர் அந்த வரியைப் பழைய பொய் என்று சொல்லிவிடுகிறார், அதுவும் பொய் என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கி. என் அகராதியில் இந்தத் தொடருக்கு நேரே ‘நாட்டுக்காக உயிர்விடுவது இனிது, ஹொரேஸ்’ என்று இருக்கிறது. ஓவன் பெயரே இல்லை. 1918 நவம்பர் 4-இல், சண்டை நிற்க ஒரு வாரம் இருக்கும்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பொய் என்று நிரூபித்துவிட்டுப் போன வாக்கியத்தை மேடைப் பேச்சுக்கான பொன்மொழியாக இன்னமும் விற்கிறார்கள் என்றால் அகராதிக்கு இரண்டரை மார்க் கொடுத்ததே அதிகமோ என்று தோன்றுகிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையில் இந்த மாதிரி வெளிமொழித் தொடர்களையெல்லாம் கழித்துக் கட்டச் சொன்னார், படித்தவன் என்று காட்டிக்கொள்ளப் போடுகிற பவுடர் என்பது அவர் கட்சி. எங்கள் சீனியரின் டிராஃப்டைப் பார்க்கும்போது ஆர்வெல் பக்கம்தான் நிற்கிறேன். கவிதையில் வரும்போது ஓவன் பக்கம்.

இப்போது எல்லோரும் கேட்கப் போவது, இது வேண்டாமென்றால் எதை வாங்குவது? தனியாக லத்தீன் அகராதியே வாங்காதீர்கள் என்பேன். குறிப்பு நல்லதாக இருக்கிற பதிப்பை வாங்குங்கள், அதுவும் குறிப்பு அதே பக்கத்தின் அடியில் இருக்கிற பதிப்பு. ஷேக்ஸ்பியருக்கு ஆர்டன், விலை கூடத்தான், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். நார்ட்டன் பதிப்புகளிலும் அடிக்குறிப்புதான், பின்னால் கட்டுரைகள் வேறு. குறிப்பை எல்லாம் புத்தகத்தின் கடைசியில் கொண்டுபோய்க் கொட்டுகிற பதிப்புகள் பஸ் பயணத்துக்கு லாயக்கில்லை, ஒரு விரல் இங்கே, ஒரு விரல் அங்கே, டிக்கெட்டை எந்தக் கையால் எடுப்பது? மூல நூலுக்கே போக ஆசை வந்தால் லோப் வரிசை இருக்கிறது, லத்தீனுக்குச் சிவப்பு அட்டை, கிரேக்கத்துக்குப் பச்சை, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். பழைய லோப் பதிப்புகளில் ஒரு வேடிக்கை, மார்ஷியல் என்ற ரோமக் கவிஞரின் பச்சையான கவிதைகளை ஆங்கிலத்தில் போட வெட்கப்பட்டு இத்தாலிய மொழியில் போட்டார்கள். கிப்பன் என்கிற வரலாற்றாசிரியர் ரோமைப் பற்றி எழுதும்போது இதைத் தலைகீழாகச் செய்தவர், மேலே ஆங்கிலம் சுத்தமாக இருக்கும், ஆபாசமெல்லாம் அடிக்குறிப்பில் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற மொழியில் கிடக்கும்.

காசே செலவழிக்க முடியாது என்றால் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் தளம், இலவசம். ‘நாக்டிஸ்’ என்று அப்படியே அடித்தால் அதுவே உரித்து ‘நாக்ஸ்’ என்று காட்டி என்ன வேற்றுமை என்றும் சொல்லிவிடும். தோற்றம் ரொம்பப் பழசு, சில நேரம் மெதுவாக ஓடும், இரவின் குதிரைகளை நினைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஒரு புத்தகம் மட்டும் எந்தத் துணையும் இல்லாமல் புரிந்தது. தாமஸ் ஹார்டியின் ஜூட் நாவல். 1895. கிராமத்துப் பையன், கல் தச்சு வேலை, பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று வெறி. சின்ன வயதில் லத்தீன் இலக்கணப் புத்தகம் வந்து சேருகிறது. ஒரு சூத்திரம் இருக்கும், அதை வைத்துத் திருப்பினால் ஆங்கிலம் எல்லாம் லத்தீனாகிவிடும் என்று நம்பிப் பிரிக்கிறான், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் படித்தாக வேண்டும் என்று தெரிந்ததும் பிறந்ததற்கே வருந்துகிறான். வளர்ந்து, சொந்தமாகவே படித்து, கல்லூரி அவனை உள்ளே விடாமல் அனுப்பிய பிறகு ஒரு சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். லத்தீனில் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணம் சொல்லத் தெரியுமா என்று சவால் விடுகிறார்கள், சொன்னால் ஒரு விஸ்கி. சொல்கிறான், முழுதாக, ‘க்ரேடோ இன் ஊனும் டேயும்’ என்று தொடங்கி. கடையில் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். முடித்த பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, நான் சொன்னது சரியா தப்பா என்று உங்களில் ஒருவனுக்காவது தெரியுமாடா என்று கத்துகிறான். கல்லூரிக்குள்ளே இருப்பவனுக்குத் தெரியாது, வெளியே நிற்கிற கல் தச்சனுக்குத் தெரியும், குடிக்க வைத்து வேடிக்கை பார்க்கத்தான் அது உதவுகிறது. அந்தப் பக்கத்தில் நான் ஒரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்கவில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டதால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அகராதி இப்போது ஆபீஸ் மேஜையில், ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, பைண்டிங் கொஞ்சம் விட்டுவிட்டது, ‘M’ எழுத்துப் பகுதியில் இரண்டு தாள் தனியாக வருகிறது. நேற்று சீனியர் ‘ஓபிட்டர் டிக்டம்’ தேடினார், தீர்ப்பில் நீதிபதி போகிற போக்கில் சொல்லிவைப்பது. இருந்தது.